சலவை அறை மெசினும் வீட்டு மெசினும்



ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் தொடர்மாடியில் இருந்த எங்கள் எல்லோருக்கும் நிலக்கீழ்ச் சலவை அறை நினைவிருக்கும். ஒரு கையில் உடுப்புக் கூடை, மறு கையில் 25 சதக் குற்றிகள். கிணற்றடிக் கல்லில் தோய்த்துப் பழகிய என் அம்மா மெசினுக்குள் எட்டிப் பார்த்து, "அடிச்சுத் தோய்க்காமல் ஊத்தை போகுமே?" என்று கேட்டார்.

சொந்த வீட்டுக்கு வாங்கிய மெசினுக்கும் மேலேதான் மூடி. ஆனால் அது இந்த மெசினைப் போல உழைப்பதில்லை. ஏன் என்று நேயர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

1922இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் இயங்கிய மேய்ராக் நிறுவனம், தொட்டியின் அடியில் சுழலும் துடுப்பு வைத்த மெசினை விற்பனைக்கு விட்டது. உடுப்பை இழுத்து உரசாமல் தண்ணீரை உடுப்பினூடாகத் தள்ளும் முறை அது. பிழிவது மட்டும் உருளைகளில்தான். பின்னர் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. மெசின் வாங்க வசதியற்றவர்களுக்காக 1934இல் ரெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வேர்த் நகரில் மின்சார மெசின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை திறக்கப்பட்டது. தானாகத் தோய்த்துப் பிழியும் வீட்டு மெசினை 1937இல் பென்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் கதவு முன்புறம். நிலத்தோடு ஆணி இறுக்க வேண்டும். யுத்தம் முடிந்து 1947இல்தான் மேல்மூடி வைத்த தானியங்கி மெசின்கள் கடைகளுக்குப் பரவலாக வந்தன.

அதே மெசினில் காசுப் பெட்டியைப் பூட்டியபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. கணக்காளனாக நான் காணும் காரணம் இது: வீட்டு மெசினை வாங்குபவரும் பாவிப்பவரும் ஒருவரே. கடையில் நின்று விலையையும் பொத்தான்களையும் பார்ப்பார். ஊறவைத்தல், கம்பளி, தண்ணீர் அளவு என்று பல தெரிவுகள் அவருக்கு வேண்டும். வணிக மெசினை வாங்குபவர் கட்டட உரிமையாளர், பாவிப்பவர் நாங்கள். மெசின் நின்றால் குற்றி விழாது. அதனால் தெரிவுகள் குறைவு, ஓடும் நேரம் குறைவு, பாகங்கள் தடிப்பம். முன் தகட்டைக் கழற்றி விரைவாகத் திருத்தவும் வசதி இருக்கும்.

அமெரிக்கச் சட்டமும் 2005இல் இரண்டையும் வேறாக்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பாவிப்பதற்கோ வேறு வணிகப் பாவனைக்கோ என அமைந்ததே அதன்படி வணிக மெசின். மேல்மூடி வகையென்றால் தொட்டி 4 கன அடிக்கு மேற்படாது. இன்று வீட்டுக்கு விற்கப்படும் பல மெசின்கள் அதைவிடப் பெரியவை. எனவே வணிக மெசின் என்றால் பெரிய மெசின் என்று எண்ணி வாங்காதீர்கள்.

இதில் எங்கள் ஆட்களுக்கு நட்டமும் வந்திருக்கிறது. என்னிடம் கணக்குக்கு வரும் ஒரு குடும்பம் வீட்டிலேயே சிறுவர் பராமரிப்பு நடத்துகிறது. துவாய், விரிப்பு என்று நாள் முழுக்க மெசின் ஓடியது. பழுதானபோது, உத்தரவாதம் வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பத்திரத்தில் அது சிறிய எழுத்தில் இருந்தது. வீட்டில் தொழில் செய்பவர்கள் மெசின் வாங்குமுன் அந்தப் பத்திரத்தை வாசியுங்கள்.

கடைசியாக ஒரு சிறு கணக்கு. அப்போது தோய்க்க ஒரு டொலர், காயவைக்க ஒரு டொலர். வாரம் மூன்று முறையென்றால் வருடத்துக்கு 312 டொலர். அம்மா சின்ன உடுப்புகளை இரவில் குளியல் தொட்டியில் கையால் தோய்த்து, மிஞ்சிய குற்றிகளைப் பால்மா ரின்னில் போட்டு வைப்பார். ஊருக்கு அனுப்பிய முதற் காசில் அந்த ரின்னும் இருந்தது. எந்தப் பேரேட்டிலும் ஏறாத அந்த வரவை இங்கே பதிகிறேன்.