லாப்ரடூடில்

லாப்ரடார் ரிட்ரீவர் என்னும் வேட்டைத்துணை நாயையும் பூடில் என்னும் சுருள்மயிர் நாயையும் இணைசேர்த்துப் பெறப்படும் கலப்பின நாய். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணிக்கென உண்டாக்கப்பட்ட இந்நாய், இருபது ஆண்டுகள் கழிவதற்குள் மேல்நாட்டுச் செல்வர் இல்லங்களில் செல்லப் பிராணியாகி, கோல்டன்டூடில், கவாப்பூ முதலான பல கலப்புகள் பெருகுவதற்கும் வழிவகுத்தது. 'டிசைனர் நாய்' என்று வணிகர் பெயரிட்டு விற்கும் இவ்வகைக் குட்டிகளின்மேல் உண்டான மோகத்தின் சரித்திரம் பெரும்பகுதி இந்த ஒரு கலப்பின் சரித்திரமே எனலாம்.

முன்வரலாறு: லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களிடம் இருந்தவை, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, மாம்ஸ்பரி, பக்ளூ ஆகிய பிரபு குடும்பங்களால் பேணப்பட்டு, 1903இல் தனி ஜாதியாக அங்கீகாரம் பெற்றன. பூடில், சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவைகளை எடுத்துவரப் பழக்கப்பட்ட ஐரோப்பிய நாய். அதன் பிறப்பிடம் ஜெர்மனி என்பர் ஒரு சாரார், பிரான்ஸ் என்பர் மற்றொரு சாரார்.

கலப்பு என்பது இழிவு, தூய்மை என்பதே உயர்வு என்னும் கருத்து நாய் வளர்ப்பில் மிகப் பழமையானதன்று. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி தொடங்கி, 1873இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டு, வம்சாவளிப் பதிவேடுகள் ஏற்பட்ட பிறகே அக்கருத்து வேரூன்றியது. அதற்கு முன் வேட்டைக்காரரும் ஆயரும் தத்தம் காரியத்துக்கு ஏற்றபடி நாய்களைக் கலந்தே வளர்த்துவந்தனர். இன்று தூய ஜாதி என்று போற்றப்படும் கோல்டன் ரிட்ரீவரும் அவ்வாறு பிறந்ததே. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் நூஸ் என்ற மஞ்சள்நிற ரிட்ரீவரையும், பெல் என்ற ட்வீட் நீர்ஸ்பானியலையும் சேர்க்க, நான்கு மஞ்சள் குட்டிகள் பிறந்தன. அவற்றுள் மூன்றுக்குப் பிரிம்ரோஸ், குரோக்கஸ், கௌஸ்லிப் என்று பிரபு பூக்களின் பெயரையே சூட்டினார். ரஷ்ய சர்க்கஸ் நாய்களே இந்த ஜாதியின் முன்னோர் என்ற கட்டுக்கதை நெடுங்காலம் நிலவி, பிரபுவின் கைப்பட எழுதிய பதிவேடு 1952இல் வெளியான பின்னரே ஓய்ந்தது.

லாப்ரடாரும் பூடிலும் கலந்த நாய்கள் 1980களுக்கு முன்னரும் இருந்தன என்பதில் ஐயமில்லை. நீரிலும் நிலத்திலும் வேக சாதனைகள் புரிந்த ஆங்கிலேயரான டொனால்டு கேம்பெல், 1955இல் வெளிவந்த தம் நூலில் தம்முடைய நாயை லாப்ரடூடில் என்றே குறிப்பிட்டுள்ளார் என்பர். அமெரிக்காவில் காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்த காக்கப்பூ 1960 வாக்கிலேயே மக்களிடையே பழகிவிட்டது.

கான்ரனின் முயற்சி: 1980களின் இடையில், ஆஸ்திரேலிய ராயல் வழிகாட்டி நாய்ச் சங்கத்தின் குட்டி வளர்ப்புப் பகுதிக்கு வாலி கான்ரன் என்பவர் மேலாளராக இருந்தார். ஹவாய்த் தீவில் வாழ்ந்த பார்வையற்ற மாது ஒருவர், தமக்கு வழிகாட்டி நாய் ஒன்று வேண்டுமென்றும், ஆயினும் தம் கணவருக்கு நாய்மயிர் ஒவ்வாதாகையால் அவருக்குத் தொல்லை தராத நாயாக அது இருக்கவேண்டுமென்றும் இச்சங்கத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். மயிர் அதிகம் உதிர்க்காத பெரிய பூடிலே போதும், சர்க்கஸில் வித்தை கற்கும் புத்தியுள்ள பிராணி வழிகாட்டவும் கற்றுக்கொள்ளும் என்று கான்ரன் முதலில் எண்ணினார். ஆனால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 33 பூடில்களைச் சோதித்தும், நெரிசலான தெருவில் ஒரு மனிதரை நம்பி ஒப்படைக்கத்தக்க நிதானமுள்ளது ஒன்றுகூட அவற்றுள் தேறவில்லை. அதன் பிறகே, லாப்ரடாரின் பணியொழுக்கத்தையும் பூடிலின் மயிரையும் ஒரே உடலில் சேர்க்கலாம் என்ற யோசனை பிறந்து, சங்கத்து லாப்ரடார்ப் பெட்டை ஒன்று பூடிலுடன் இணைசேர்க்கப்பட்டது.

பிறந்தவை மூன்று குட்டிகள்: சுல்தான், ஷேக், சைமன். பிறந்த ஆண்டு 1988 என்று சிலரும் 1989 என்று சிலரும் எழுதுகின்றனர். கான்ரனே பல ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொன்ன செய்திகளே பெரும்பாலான வரலாறுகளுக்கு ஆதாரமாகையால், ஓராண்டு முன்பின்னாவது வியப்பன்று. குட்டிகளின் மயிரும் உமிழ்நீரும் எடுக்கப்பட்டு ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. கடல் தாண்டிச் சென்ற அந்த மாதிரிகளுள் ஒன்றுமட்டும் கணவருக்குத் தும்மலும் அரிப்பும் உண்டாக்கவில்லை. அது சுல்தானுடையது. பயிற்சி முடிந்ததும் சுல்தான் ஹவாய் சென்று, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அம்மாதுக்கு வழிகாட்டிற்று. மூன்று குட்டிகளில் ஒன்றே தேறியது என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். அடுத்த ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிகளிலும் மூன்றே ஒவ்வாமை தராதவை என்று கான்ரன் கூறியிருக்கிறார்.

முதல் ஈற்றுக் குட்டிகளால் வேறொரு சங்கடமும் நேர்ந்தது. வழிகாட்டி நாயாகவேண்டிய குட்டியை முதல் ஓராண்டுக் காலம் ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்த்து, மாடிப்படி, கடைத்தெரு, குழந்தைகள், வாகன இரைச்சல் முதலியவற்றுக்குப் பழக்கித் தரவேண்டும். அவ்வாறு வளர்க்க முன்வந்து மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. எனினும் கலப்பின நாய் என்றதும், தூய லாப்ரடாருக்கே காத்திருப்போம் என்று யாவரும் மறுத்துவிட்டனர். கான்ரன் சங்கத்தின் விளம்பரப் பகுதியாரை அணுகி, லாப்ரடூடில் என்னும் புதிய நாயைத் தாம் உருவாக்கியிருப்பதாகப் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் அறிவிக்கச் செய்தார். அறிவிப்பு வெளியானது முதல் தொலைபேசி ஓயவில்லை. நேற்றுவரை வேண்டாமென்றவர்கள் உட்படப் பலரும் அந்த அதிசய நாயைக் கேட்டனர். நாயில் எந்த மாறுதலும் நிகழவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கான்ரன் தரும் கணக்குப்படி அவர் உண்டாக்கிய 31 லாப்ரடூடில்களில் 29 வழிகாட்டிப் பணிக்குத் தேறின. அந்த நோக்கத்தைக் கொண்டு மதிப்பிட்டால் இது மிகச் சிறந்த விளைவு. கலப்பினத்தோடு கலப்பினத்தைச் சேர்த்துப் பெற்ற குட்டிகளை அவர் 'டபுள் டூடில்' என்று அழைத்தார்.

பின்னாளில் தம் செயலுக்காக அவர் வருந்தினார். பரம்பரைக் குறைகளுள்ள பெற்றோரைச் சோதியாமல் இணைசேர்த்துப் பொருள் ஈட்டும் கூட்டம் தம் யுக்தியால் தோன்றிவிட்டது என்று பத்திரிகைப் பேட்டிகளிலும், 2019இல் ஆஸ்திரேலிய வானொலிப் பேட்டியிலும் அவர் வெளிப்படையாகக் கூறினார். ஒரு பெயர் இல்லாவிடினும் இவ்வணிகம் எழுந்தே இருக்கும் என்போரும் உளர். காக்கப்பூவின் முன்வரலாறு அவர்கள் கட்சிக்கு ஓரளவு துணை செய்கிறது.

மயிரும் மரபும்: முதல் தலைமுறைக் குட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாயிருக்கும், ஒரே ஈற்றில் கம்பிபோன்ற நேர்மயிரும், அலையலையான மென்மயிரும், கம்பளிச் சுருளும் காணப்படுவதுண்டு. நாய்மயிரின் வேற்றுமைகளுட் பெரும்பாலானவை மூன்றே மரபணுக்களால் அமைவன என்று 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டிற்று. மீசையும் புருவமயிரும் அடர்ந்து, உதிர்தல் குறைந்திருக்கச் செய்யும் மரபணு மேலோங்கும் தன்மையுடையது. பூடிலிடமிருந்து ஒரு பிரதி கிடைத்தாலே போதும். ஆயினும் முதல் தலைமுறையின் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குட்டிகளில் ஏறத்தாழக் கால்பங்கு அதை இழந்து, லாப்ரடாரைப் போலவே வழுவழுப்பான முகத்துடன் பிறந்து, வீடெங்கும் மயிர் உதிர்க்கும். இதைத் தவிர்க்கவே வளர்ப்போர் முதல் தலைமுறையை மீண்டும் பூடிலுடன் சேர்ப்பர். அச்சந்ததியை 'எஃப்1பி' என்று வணிகத்தில் குறிப்பர். விக்டோரியாவின் ரட்லண்ட் மேனர், டீகன் பார்க் ஆகிய வளர்ப்பகங்களின் வழியாகப் பரவிய 'ஆஸ்திரேலிய லாப்ரடூடில்' வகையில் வேறு சில ஸ்பானியல்களும் கலந்தன என்பர். அவ்வகையை ஆராய்ந்து 2020இல் வெளியான மரபணு ஆய்வு, அதில் லாப்ரடாரின் பங்கைவிடப் பூடிலின் பங்கே மிகுந்திருப்பதை நிறுவிற்று.

உதிராத மயிர் சிக்குப் பிடிக்கும். மேலோட்டமாக வாரினால் மேற்புறம் பஞ்சுபோல் அழகாகத் தோன்ற, அடியில் காதுகளின் பின்னும் முன்னங்கால்களின் இடுக்கிலும் மயிர் நெய்த கம்பளம்போல் இறுகித் தோலை இழுக்கும். சீப்பின் பற்கள் தோலைத் தொடும்வரை பகுதி பகுதியாகப் பிரித்து வாரவேண்டும், தவறினால் முழுவதும் மழிப்பதே வழி. வாங்குவோர் பலர் இதைக் குட்டி வளர்ந்த பிறகே அறிகின்றனர்.

ஒவ்வாமை பற்றிய வாதம்: மயிர் உதிராத நாய் ஒவ்வாமை தராது என்னும் நம்பிக்கையே இக்குட்டிகளின் விற்பனைக்கு முதற்காரணம். ஒவ்வாமையை விளைவிப்பது மயிரன்று. நாயின் உமிழ்நீரிலும் தோற்செதிலிலும் உள்ள புரதங்களே. நெதர்லாந்தில் நடைபெற்று 2012இல் வெளியான ஆய்வு, லாப்ரடூடில், பூடில் முதலிய 'ஒவ்வாமை தராத' நாய்களின் மயிரில் அப்புரதங்களுள் முதன்மையானது பிற நாய்களின் மயிரைவிட அதிகமாகவே இருந்ததைக் கண்டது. லாப்ரடூடில் வளரும் வீடுகளின் தரைத்தூசியில் மட்டும் அது சற்றுக் குறைந்திருந்தது, காற்றில் வேறுபாடில்லை. தம் வீட்டில் தும்மல் இல்லையென்று உறுதி கூறுவோரும் உளர். ஒரே இனத்துள் நாய்க்கு நாய் அளவு பெரிதும் வேறுபடுவதால் அவர்கள் கூற்றையும் தள்ளிவிட இயலாது.

பரவுதலும் சட்டங்களும்: மகளுக்கு ஒவ்வாமை இருந்தமையால், லாப்ரடூடில் அல்லது போர்த்துக்கேய நீர்வேட்டை நாய் ஒன்றை வாங்கப்போவதாக 2009 ஜனவரியில் பராக் ஒபாமா அறிவித்தது உலகெங்கும் பேசப்பட்டது, ஏப்ரலில் வெள்ளை மாளிகைக்கு வந்த போ என்ற நாய் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தேவை பெருகவே, பெட்டை நாய்களைக் கூண்டில் அடைத்து ஆண்டுதோறும் ஈன்றெடுக்கச் செய்யும் குட்டிப் பண்ணைகள் பல நாடுகளில் மலிந்தன. விக்டோரியா 2017இல் இயற்றிய சட்டம், கடைகளில் பண்ணைக் குட்டிகளை விற்பதை ஒழித்து, தனி அனுமதியில்லாத வளர்ப்பகம் ஈனத்தக்க பெட்டைகளைப் பத்துக்கு மேல் வைத்திருக்கலாகாதென்று வரையறுத்தது. இங்கிலாந்தில், வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற ஸ்பானியலின் பெயரால் வழங்கும் விதி 2020 ஏப்ரல் 6 முதல் அமலாயிற்று. அதன்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கலாகாது, பிறந்த இடத்தில் தாயோடு காட்டியே விற்கவேண்டும்.

அண்மைக்காலம்: பெருந்தொற்றின் முதலாண்டான 2020இல் பிரிட்டனில் வாங்கப்பட்ட குட்டிகளுள் ஏறத்தாழக் கால்பங்கு இவ்வகைக் கலப்பினங்கள் என்று ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி கண்டது. கலப்பினம் ஆரோக்கியம் மிக்கது என்ற வாதத்தை அதே கல்லூரி 2024இல் சோதித்து, காக்கப்பூ, லாப்ரடூடில், கவாப்பூ ஆகியவற்றை அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டபோது, ஒப்பீடுகளுள் 86.6 சதவீதத்தில் வேறுபாடு புலப்படவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலிய நாய்ச் சங்கங்கள் லாப்ரடூடிலைத் தனி ஜாதியாக ஏற்றதில்லை. அமெரிக்கச் சங்கத்தின் கலப்பின நாய்களுக்கான பிரிவில் பதிந்துகொண்டு ஓட்டம், தாண்டல், கீழ்ப்படிதல் ஆகிய போட்டிகளில் அது கலந்துகொள்ளலாம். ஜாதி லட்சணத்துக்குப் பரிசு வழங்கும் கண்காட்சியில் இடமில்லை.