எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரும் 12 வோல்ட் சரித்திரமும்

கம்ப்யூட்டர் திடீர்னு அணைஞ்சா நாம முதல்ல திட்டுறது விண்டோஸை. அப்புறம் வைரஸை. மூலையில தூசி தின்னுக்கிட்டிருக்கிற எஸ்.எம்.பி.எஸ் பெட்டி மேல சந்தேகமே வராது. அதைத்தான் மாத்தணும்னு தெரிஞ்சு கடைக்குப் போனா முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார்?" அந்தக் கேள்வியே அரைகுறை. ஏன்னு சொல்ல 1981க்குப் போகணும் மக்களே.

அந்த வருஷம் வந்த ஐ.பி.எம் பி.சியோட பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட்ஸ். ஒரு குண்டு பல்பு ரேஞ்சு :-) 5 வோல்ட்ல 7 ஆம்பியர், 12 வோல்ட்ல 2 ஆம்பியர், மைனஸ் வோல்ட்டுகள்ல கொஞ்சம் கொசுறு. பெருக்கிப் பாருங்க. 5 வோல்ட்டுக்கு 35 வாட்ஸ், 12 வோல்ட்டுக்கு வெறும் 24. சிப்பெல்லாம் 5 வோல்ட்ல ஓடின காலம். 12 வோல்ட்டோட முக்கிய வேலையே ஃப்ளாப்பி டிரைவ் மோட்டாரைச் சுத்தறதுதான்.

1995ல இன்டெல்லோட ஏ.டி.எக்ஸ் வந்தப்ப 3.3 வோல்ட்டும் சேர்ந்துச்சு. ஆனா ஆட்சி மாறினது 2000ல, பென்டியம் 4 வந்தப்போ. ப்ராசஸருக்கு வேண்டியது 2 வோல்ட்டுக்கும் கீழே, ஆனா பசி மட்டும் எக்கச்சக்கம். 60 வாட்ஸை 5 வோல்ட்ல அனுப்பினா 12 ஆம்பியர். 12 வோல்ட்ல அனுப்பினா 5 ஆம்பியர் போதும். வயர்ல வீணாகுற சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும் (ப்ளஸ் டூ பிசிக்ஸ், ஞாபகம் இருக்கா?). அதனால 12 வோல்ட்டாவே அனுப்பி, ப்ராசஸர் பக்கத்துல குறைச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. மதர்போர்டுல அந்த நாலு பின் சதுரக் கனெக்டர் வந்த கதை இதுதான்.

மலிவு பெட்டிக்காரங்க என்ன பண்ணாங்கன்னா, உள்ளே 5 வோல்ட் காலத்து டிசைனை அப்படியே வச்சுக்கிட்டு, வெளியே ஸ்டிக்கரை மட்டும் மாத்தினாங்க. உதாரணத்துக்கு, மேல 450 வாட்ஸ்னு கொட்டை எழுத்து, கீழே பொடி எழுத்துல 12 வோல்ட் 15 ஆம்பியர்னு இருந்தா, உங்க ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பங்கு போட்டுக்கப் போறது 180 வாட்ஸ்தான்! ரெண்டு மூணு 12 வோல்ட் லைன் போட்டிருந்தா சும்மா கூட்டிடாதீங்க. எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும், அதுதான் கணக்கு.

2004ல ஆரம்பிச்ச 80 ப்ளஸ் முத்திரை நல்ல விஷயம்தான். ஆனா அது அளக்குறது எவ்வளவு கரண்ட் வீணாகுதுன்னுதான், ஆயுளை இல்லை. அதுவும் 23 டிகிரி ரூம்ல. நம்ம மே மாசத்தை அவங்க பார்த்ததில்லை போல. 2000களின் ஆரம்பத்துல எலக்ட்ரோலைட் சரியில்லாம கெப்பாசிட்டர்கள் உப்பி வெடிச்ச கூத்து தெரியும்ல? ஆயுள் அங்கேதான் இருக்கு. 105 டிகிரி கெப்பாசிட்டர், அதிக வோல்டேஜ் பாதுகாப்பு, சில வருஷ வாரண்டி, இதையெல்லாம் கேட்டு வாங்குங்க. அந்தப் பாதுகாப்பு இல்லாத பெட்டி போகும்போது தனியாப் போகாம ஹார்ட் டிஸ்க்கையும், அதுல இருக்கிற கல்யாண போட்டோவையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகலாம்.

ஸ்டிக்கர்ல 12 வோல்ட் ஆம்பியரே போடாத பெட்டின்னா, விலைகூட கேக்காம அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.