கத்தியில்லா ஆண் கருத்தடையும் முன்னறிவித்தலின் கடமையும்

தோலைக் கத்தியால் கீறாமல், ஒரே நுண்துளையின் வழியாக இரு விந்துக்குழாய்களையும் துண்டித்துக் கட்டுகின்ற ஆண் கருத்தடை முறையை, 1974ஆம் ஆண்டில் சீன தேசத்தின் சிச்சுவான் மாகாணத்தில் லீ ஷுன்ச்சியாங் என்னும் வைத்தியர் வகுத்தளித்தார். தொண்ணூறுகளில் அது பாரத நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. ஆயினும், 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் தாமே கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டிருக்க, கணவன் செய்துகொண்ட தம்பதியர் நூற்றுக்கு 0.3 என்ற அளவிலேயே நின்றுவிட்டனர். வயிற்றினுள் கருவி செலுத்த வேண்டிய சிகிச்சையை மனைவி ஏற்க, அதனினும் எளியதைக் கணவன் மறுக்கும் இவ்விபரீதத்திற்கு மூலம் அச்சமே என்பதும், வருவதை முன்கூட்டி முழுமையாக எடுத்துரைப்பது சிகிச்சையின் ஓர் அங்கமாகும்போதே அவ்வச்சம் நீங்கும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மரத்துப்போகச் செய்யும் ஊசி இட்டபின், வைத்தியர் விந்துக்குழாயை விரல்களால் தோலுக்கடியில் நிறுத்தி, வளைய இடுக்கியால் பற்றி, கூர்முனை இடுக்கியால் தோலில் துளையிட்டு விரிக்கிறார். சிறு இரத்தக் குழாய்கள் அறுபடாமல் விலகிக்கொடுப்பதால் குருதிப்போக்கு குறைகிறது; தையலும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. இருபது நிமிஷங்களுக்குள் காரியம் முடிந்துவிடும். 1987ஆம் ஆண்டில் தாய்லாந்து மன்னரின் பிறந்தநாளையொட்டி 1,203 ஆண்களுக்கு நடந்த சிகிச்சையில், கீறிச் செய்யும் பழைய முறையில் நூற்றுக்கு 3.1 ஆக இருந்த சிக்கல்கள் இம்முறையில் 0.4 ஆகக் குறைந்திருந்தமை இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம்.

எனினும், வைத்தியர் மறைக்கலாகாத செய்திகளும் உள. சில தினங்கள் வலியும் வீக்கமும் கன்றலும் தோன்றலாம். இரண்டு நாள் ஓய்வும், ஒரு வாரம் பளு தூக்காமையும், விதைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையும் அவசியம். காய்ச்சலோ சீழோ பெருகும் வீக்கமோ கண்டால் உடனே திரும்ப வேண்டும். மிகச் சிலருக்கு வலி நெடுநாள் நீடிப்பதும் உண்டு. எல்லாவற்றினும் முக்கியமானது, கருத்தடை அன்றே பலித்துவிடுவதில்லை என்பது. குழாயில் எஞ்சிய விந்தணுக்கள் வெளியேற ஏறக்குறைய மூன்று மாதமாகும். விந்தைப் பரிசோதித்து அவை இல்லையென்று நிச்சயமாகும்வரை வேறு தடைமுறை கைக்கொள்ளப்பட வேண்டும். இதைச் சொல்லாது விட்டதன் பயனாக மனைவி கருவுற்றால், வைத்தியத்தின் பிழை அவளது கற்பின்மேல் சந்தேகமாக விழும். குழாயை மீண்டும் இணைப்பது கடினமும் நிச்சயமற்றதுமாதலின், சந்ததி போதுமென்ற தீர்மானம் உறுதிப்பட்ட பின்னரே இதற்கு இசைவது உசிதம்.

புருஷத்துவம் குன்றும் என்ற பிரமைக்கோ சாஸ்திர ஆதாரம் இல்லை. ஆண்மைக்குரிய சுரப்பு விந்துக்குழாய் வழியாகவன்றி இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் செல்வதாலும், விந்துத் திரவத்தில் விந்தணுக்களின் பங்கு மிகச் சொற்பமாதலாலும், இச்சையும் இன்பமும் முன்போலவே நிற்கும்.

பிரமையைக் காட்டிலும் ஆழமாகப் பதிந்தது நிர்ப்பந்தத்தின் நினைவு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77 என்னும் ஓராண்டில் மட்டும் 60 லட்சத்திற்கு மேற்பட்ட ஆண்களுக்குப் பழைய முறையில் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுள் பலர் மனமொப்பி வந்தவரல்லர். இலக்கை நிரப்ப விழைந்த அதிகாரம் மனிதனிடம் உண்மையைப் பேசவில்லை; அவன் சம்மதத்தையும் பொருட்படுத்தவில்லை. வன்முறையால் இழந்த நம்பிக்கையை ஊக்கத்தொகையால் மீட்டுவிட இயலாது. கணவனையும் மனைவியையும் ஒருங்கே இருத்தி, நன்மையையும் வலியையும் காத்திருப்பையும் சமமாக விளக்கி, மறுக்கும் உரிமையையும் மதிக்கின்ற வைத்தியனே அதை மீட்கவல்லவன். அவ்வாறு பெறப்பட்ட சம்மதமே குடும்பநலம் என்ற பெயருக்குத் தகுதியுடையது.