கூடலூர்ல கிளம்பின கேஸ், சாங்லாங்ல மூடின மில்

நீங்க வாதியும் இல்ல, பிரதிவாதியும் இல்ல. கேஸ் நடக்குறதே தெரியாது. ஆனா அந்த கேஸ்ல வந்த ஒரு இடைக்கால உத்தரவு உங்க நிலத்தைத் தொடுது. என்ன பண்ணுவீங்க? இன்னைக்கு எபிசோட் இதுதான்.

1995. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போறார். புகார், நம்ம நீலகிரி கூடலூர்ல காட்டை வெட்டுறாங்கன்னு. அந்தக் காடு முன்னாடி அவங்க குடும்பத்தோட ஜென்ம நிலம். 1969ல தமிழ்நாடு கொண்டுவந்த கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்துல கைமாறினது. (ஒன்பதாவது அட்டவணை பத்தி 2007ல ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு சொன்ன கொயல்ஹோ வழக்கும் இதே சட்டத்துலதான் ஆரம்பிச்சது. கூடலூர் மேல ஒரு முழு சீசனே பண்ணலாம்.)

1996 டிசம்பர் 12. நீதிபதிகள் ஜே.எஸ்.வர்மா, பி.என்.கிர்பால் அமர்வு ஒரு இடைக்கால உத்தரவு போடுது. காடுன்னா அகராதியில என்ன அர்த்தமோ அதுதான். நிலம் யார் பேர்ல இருந்தாலும் சரி. மத்திய அரசு அனுமதி இல்லாம அங்க வேற வேலை எதுவும் நடக்கக்கூடாது. கேஸ் கூடலூர்ல கிளம்பினது, ஆனா அருணாச்சலத்துல திராப், சாங்லாங் மாவட்ட மரமில்கள், அசாம் பக்கம் எல்லையிலருந்து 100 கிலோமீட்டருக்குள்ள இருந்த மில்கள் எல்லாம் உடனே மூடணும்னு ஆச்சு. அந்த மில் முதலாளிங்க கூடலூர் எங்க இருக்குன்னு மேப்ல தேடியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

வழி என்னன்னா, ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு. அதுல பொதுவா ரெண்டு விஷயம் கேப்பாங்க: எங்களையும் ஒரு தரப்பா சேருங்க, இம்ப்ளீட் பண்ணுங்க, உத்தரவை எங்க விஷயத்துல மாத்துங்க, இல்ல நீக்குங்க. சேர்க்காம வெறும் தலையீட்டு மனுவா எடுத்துக்கிட்டா, நீதிமன்றம் விடுற அளவுக்குத்தான் பேசலாம். இந்த ஒரே கேஸ்ல ஆயிரக்கணக்கான ஐ.ஏ. விழுந்துச்சு. சுரங்கம், மரமில், மாநில அரசுகள், எல்லாரும் வந்தாங்க.

வக்கீல் வச்சு டெல்லிக்குப் போக முடிஞ்சவங்க வந்தாங்கன்னு சொல்றதுதான் சரி. கூடலூர் காட்டோரத்துல இருந்த பணியர் குடும்பத்துக்கு ஐ.ஏ.ன்னா என்னன்னு யார் சொல்லியிருப்பா?

அதோட விலை 2001ல தெரிஞ்சுது. ஐ.ஏ. எண் 703. நீதிமன்றத்துக்கு உதவ நியமிச்ச வக்கீலோட மனு. நவம்பர் 23ல உத்தரவு: காட்டு ஆக்கிரமிப்புகளை அனுமதி இல்லாம வரன்முறைப்படுத்தக்கூடாது. கவனிங்க, 'வெளியேத்துங்க'ன்னு அதுல இல்ல. ஆனா 2002 மே 3ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதுது: தகுதியில்லாத ஆக்கிரமிப்பாளர்களை செப்டம்பர் 30க்குள்ள வெளியேத்துங்க. தலைமுறை தலைமுறையா பட்டா இல்லாம உழுதவங்களும் அந்தப் பட்டியல்ல ஆக்கிரமிப்பாளர்தான்.

அதுக்கப்புறம் அவங்க சண்டை நீதிமன்றத்தை விட வீதியிலதான் அதிகம் நடந்துச்சு. 2004ல அதே அமைச்சகம், பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்குன்னு உச்ச நீதிமன்றத்துல பிரமாணப் பத்திரம் போட்டுச்சு. 2006ல வன உரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த இன்னொரு கேஸ்ல, 2019 பிப்ரவரி 13, மனு நிராகரிக்கப்பட்டவங்களை வெளியேத்தச் சொல்லி உத்தரவு. ரெண்டு வாரத்துல, 28ஆம் தேதி, நிறுத்தி வச்சாங்க. இந்தத் தடவை பழங்குடி அமைப்புகள் சும்மா இருக்கல, எங்களையும் சேருங்கன்னு மனுவோட போனாங்க.

1996 உத்தரவு? 2023ல பார்லிமென்ட் வனச் சட்டத்தைத் திருத்துச்சு. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், இப்போதைக்கு அந்தப் பழைய அகராதி அர்த்தத்தையே பின்பற்றுங்கன்னு சொல்லுச்சு. அதுவும் ஒரு இடைக்கால உத்தரவுதான்.