கழுவப்படாத சுருள்கள்

பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, முப்பது வருஷமாக ராத்திரிகளில் இருட்டறையில் நின்றவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். என்லார்ஜரின் வெளிச்சத்தை இரண்டு விநாடி கையால் மறைத்தால் ஒரு முகம் நிழலிலிருந்து வெளியே வருகிறது. மறைக்காவிட்டால் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரே நெகடிவிலிருந்து இரண்டு வெவ்வேறு படங்கள். எது படம் என்பது பிரிண்ட் போடுகிறவனின் தீர்மானம்.

விவியன் மேயர் (1926–2009) விஷயத்தில் இது மறந்துபோகிறது. நியூயார்க்கில் பிறந்து, சிகாகோவிலும் அதன் புறநகர்களிலும் பிறர் குழந்தைகளை வளர்த்துப் பிழைத்தவர். கழுத்தில் எப்போதும் ரோலிஃப்ளெக்ஸ். 2007-ல், வாடகை பாக்கிக்காக, கிடங்கில் அவர் போட்டுவைத்திருந்த சாமான்கள் ஏலம் போயின. லட்சத்துக்கு மேற்பட்ட நெகடிவ்களும் கழுவப்படாத சுருள்களும் வெளிவந்தன. அவர் இறந்த பிறகு புகழ் வந்தது. கூடவே ஒரு கதையும். யாருக்கும் காட்டாமல், தானும் பாராமல், எடுத்துக்கொண்டே போன விசித்திரப் பெண்மணி.

கதையில் பாதிதான் உண்மை. 1956-ல் ஹைலண்ட் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த வீட்டில் அவருக்கெனத் தனிக் குளியலறை கிடைத்தது. அதையே இருட்டறையாக்கி, கழுவினார், பிரிண்ட் போட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளைகள் வளர்ந்ததும், அந்த வீட்டை விட்டார். பிறகு வீடு மாறி வீடு. கழுவாத சுருள்கள் பெரும்பாலும் அதற்கப்புறம் தேங்கியவை. ரகசியத்துக்கு மனோதத்துவம் தேடுகிறவர்கள், தண்ணீர்க் குழாய் உள்ள ஒரு அறை போனதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2017-ல் அவர் காலத்துப் பிரிண்டுகள் சுமார் 500 சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. சிலவற்றில் ரோலிஃப்ளெக்ஸின் சதுரத்தை அவரே வெட்டிக் குறுக்கியிருக்கிறார். காட்சிக்கூடங்களில் தொங்குபவையோ பெரும்பாலும் அவருக்குப் பின் பிறர் போட்ட முழுச் சதுரங்கள். தேர்ந்த கைகள்தாம். ஆனால் வெளிச்சத்தை மறைத்தது அவர் கையல்ல.

எழுதியவன் போனபின் கையெழுத்துப் பிரதியைச் செப்பனிட்டு அச்சேற்றுவது நம்மிடையிலும் நடப்பதுதான். கூடாதென்று சொல்லமாட்டேன், அப்படிச் செய்திராவிட்டால் மேயரை நான் அறிந்திருக்கவே முடியாது. போட்டவர் பெயரும் வருஷமும் படத்தடியில், மேயர் பெயருக்குச் சமமான எழுத்தில், இருக்கட்டும் என்கிறேன்.

என் பெட்டியிலும் கழுவாத ரோல்கள் நான்கு கிடக்கின்றன. இந்த வாரம் கழுவிவிட உத்தேசம்.