குலுங்காத குதிரை: ஐஸ்லாந்தின் 'டோல்ட்' நடையில் அப்படி என்ன இருக்கு?

ஒரு கையில் கடிவாளம், மறு கையில் நிரம்பிய பியர் கிளாஸ். குதிரை வேகமாகப் போக வேண்டும். கடைசியில் யார் கிளாஸில் அதிகம் மிச்சம் இருக்கிறதோ, அவர்தான் வின்னர். ஐஸ்லாந்து குதிரை வைத்திருப்பவர்கள் ஜாலியாக நடத்தும் போட்டி இது. மற்ற குதிரையில் ஏறி முயன்றால் சட்டைதான் நனையும்.

ஏன்? வழக்கமான குதிரை 'ட்ராட்' ஓடும்போது, முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்னங்காலும் சேர்ந்து எழும்பி விழும். நடுவில் ஒரு கணம் நான்கு கால்களும் காற்றில் இருக்கும். அந்தக் கணம்தான் நம்மைத் தூக்கிப் போடுகிறது. டோல்ட்டில் அது கிடையாது. நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழும், ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும். மெதுவாகவும் போகலாம், பாய்ச்சல் வேகத்திலும் போகலாம். நம் ராஜஸ்தானின் மார்வாரி குதிரைகள் சிலவற்றுக்கும் 'ரெவால்' என்ற மென்நடை உண்டு.

சில ஐஸ்லாந்து குதிரைகளிடம் 'ஸ்கெய்த்' என்ற ஐந்தாவது நடையும் இருக்கிறது. ஒரே பக்கக் கால்கள் இரண்டும் சேர்ந்து நகரும். குறைந்த தூரத்துக்குத்தான், ஆனால் செம வேகம்.

இது பயிற்சியால் மட்டும் வருவதில்லை. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றமே முக்கியக் காரணம் என 2012இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கால்களின் ஒருங்கிணைப்பைப் பார்த்துக்கொள்ளும் தண்டுவட நரம்பு செல்களில் இந்த மரபணு வேலை செய்கிறது.

உயரம் சுமார் 140 செ.மீ.தான். அதற்காக 'போனி' என்று சொல்லிவிடாதீர்கள், ஐஸ்லாந்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை இவை. பிறகு கதவு மூடப்பட்டது. இன்றும் வெளியிலிருந்து எந்தக் குதிரையும் ஐஸ்லாந்துக்குள் வர முடியாது; பயன்படுத்திய சேணத்துக்குக்கூட அனுமதி இல்லை. இனம் கலக்காமல் இருப்பது இதனால் கிடைத்த லாபம். குதிரைக் காய்ச்சல் போன்ற நோய்களும் அங்கே நுழையவில்லை. ஆனால் அதனாலேயே அந்தக் குதிரைகளுக்கு எதிர்ப்பு சக்தியும் குறைவு. 2010இல் ஒரு இருமல் தொற்று நாடு முழுக்கப் பரவியதில், தேசியக் குதிரைத் திருவிழாவான 'லேண்ட்ஸ்மோட்' அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

அதனால் வெளியேறிய குதிரைக்கும் விதிவிலக்கு கிடையாது. உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் வெளிநாடுகளில்தான் நடக்கின்றன. தாயகத்திலிருந்து போகும் குதிரை தங்கமே ஜெயித்தாலும் அங்கேயே விற்கப்படும். சவாரி செய்தவர் மட்டும் ஊர் திரும்புவார்.