பரிசு என்று பெயரிட்ட கூலி

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். ஒன்று நூற்பாலைகளின் ஊர். மற்றது ஆண்டாளின் ஊர். உழைக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் வெகுமதியின் வரலாற்றை யோசிக்கும்போது இரண்டு ஊர்களுமே நினைவுக்கு வருகின்றன.

திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில், நோன்பிருந்த பெண்கள் தங்களுக்கு வேண்டிய பரிசைத் தாங்களே பட்டியலிடுகிறார்கள். வளை, தோடு, புத்தாடை, நெய் வழியும் பாற்சோறு. அதை எல்லோரும் கூடியிருந்து உண்ண வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. என்ன பரிசு, யாருக்கு, எப்போது என்பதைக் கேட்கும் குரல் அங்கே பெண்களுடையது.

ஆலைகளில் அந்தக் குரல் யாருடையதாக இருந்தது? முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், பம்பாய் ஆலை முதலாளிகள் 10 சதவீதம் ‘போர் போனஸ்’ கொடுத்தார்கள். அதன்பின் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த போனஸ் நின்றதும், 1924 தொடக்கத்தில் சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போனஸைக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை இல்லை என்று அரசு அமைத்த குழு சொன்னது. முதலாளி மனமுவந்து தருவது, அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் வழக்காடியும் போராடியும்தான் 1965இல் போனஸ் சட்டம் வந்தது. அதன்படி குறைந்தபட்ச போனஸ் பின்னர் 8.33 சதவீதமானது. கொடையாக இருந்தது உரிமையானது.

கூலிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழில் வேரூன்றிய 1930களில்தான், 1936இல், சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் இயற்றப்பட்டது. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், பெரிய ஆலை என்றால் பத்து நாளுக்குள், சம்பளம் கைக்கு வர வேண்டும் என்றது அது.

இந்த இரண்டு வரலாறுகளையும் பின்னுக்கு இழுத்தது ‘சுமங்கலித் திட்டம்’. 1990களிலிருந்து தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் பரவிய ஏற்பாடு இது. ஏழைக் குடும்பத்து இளம்பெண் மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். அன்றாடக் கூலி சொற்பம். முடிவில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு என்றார்கள். வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்க, அதற்குப் பணம் சேர்க்கவே ஒரு வேலைத் திட்டம்! உடல்நலம் கெட்டு இடையில் வீடு திரும்பிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை என்பதை 2011இல் வெளியான ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன.

அந்தத் தொகை பரிசே அல்ல. மாதாமாதம் தந்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்து, மூன்றாண்டு கழித்துத் தாலியின் பெயரால் நீட்டினார்கள். கூலி என்று சொன்னால் பாதியில் விலகினாலும் வேலை செய்த நாளுக்குக் கேட்கலாம். பரிசு என்று சொல்லிவிட்டால் கேட்க வாயில்லை.

அந்தப் பெண்கள் ஏமாளிகள் அல்ல. வீட்டில் கையேந்தாமல் தன் கல்யாணத்துக்குத் தானே சம்பாதிப்பதில் பலருக்குப் பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதம் உண்மையானது. அதைத்தான் மலிவாக வாங்கினார்கள்.

திட்டத்தின் பெயர் மறையலாம்; அதன் தர்க்கம் மறைவதில்லை. மாதம் முழுக்க விடுப்பே எடுக்காதவளுக்கு ‘வருகை ஊக்கத்தொகை’ தரும் இடங்களில், மாதவிடாய் வலிக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் அபராதம் கட்டுவது யார்?

பாராட்டும் வெகுமதியும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பை ஒருவர் கண்டு, நன்றாகச் செய்தாய் என்று சொல்வது யாருக்கும் இனிக்கும். ஆனால் பரிசைக் கையில் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: என் முழுக்கூலி வந்துவிட்டதா? இந்தப் பரிசைத் தீர்மானித்தபோது என்னைக் கேட்டார்களா? நாளை நான் விலகினால் இது என்னுடையதாக இருக்குமா?

ஆண்டாளின் தோழியர் தங்கள் பட்டியலை உரக்கவே சொன்னார்கள். மில் வேனில் ஏறும் பெண்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அதைக் கேட்டுத் தொடங்குவதே முதல் மரியாதை.